இரண்டு இருக்கைகள்

கிளிநொச்சியில் வானத்தில் ஓர் ஓசை எழுந்தால், அதைக் கண்ணால் தேடுபவர் இளையவர், காதால் தேடுபவர் முதியவர் என்று கொள்ளலாம். இரணைமடு வாய்க்கால் ஓரத்து வயலில் களை பிடுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் கை ஒரு கணம் நிற்கும். தலை சற்றே சாயும். ஓசை எத்திசையிலிருந்து வருகிறது, அணுகுகிறதா அகல்கிறதா, எவ்வகைப் பொறியினுடையது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரே கை மீண்டும் பயிருக்குள் இறங்கும். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இப்பழக்கம் அம்மண்ணின் முதியோரை விட்டு நீங்கவில்லை. கல்வி என்பது பாடசாலையில் மாத்திரம் நிகழ்வதன்று; செவிக்கும் ஒரு பள்ளி உண்டு. வன்னி மக்கள் அப்பள்ளியில் விரும்பிச் சேர்ந்தவர்களல்லர்.

அப்பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர், கிளிநொச்சியில் நீண்டகாலம் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். எனினும் அவருக்கும் வானூர்திக்கும் உள்ள உறவு அச்சத்தில் தொடங்கியதன்று. இரணைமடுக் குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பமொன்றில் 1949இல் பிறந்த அவர், பதினொரு வயதுச் சிறுவனாயிருந்தபோது நாளிதழொன்றில் வந்த படமொன்றை வெட்டித் தம் கணக்குக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருந்தார். மூக்குத் தடித்த, சிறகு குறுகாத, பார்வைக்குச் சற்றே கொழுத்த ஒரு தாரை விமானத்தின் படம் அது. அதன் கண்ணாடிக் கூண்டினுள் இருவர் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர் என்று படத்தின் அடியில் எழுதியிருந்தது. போர்விமானத்தில் மாணவருக்கு என்ன வேலை என்ற வினாவே அச்சிறுவனை முதன்முதலிற் பிடித்துக்கொண்டது.

அவ்விமானம் ஜெற் புறொவோஸ்ற் எனப்படும் பயிற்சி விமானம். பிரித்தானியாவின் ஹண்டிங் பேர்சிவல் நிறுவனம், தான் முன்னர் செய்த உந்திவிசிறி கொண்ட பயிற்சி விமானத்தையே அடிப்படையாகக் கொண்டு, அதனுள் தாரைப் பொறி ஒன்றைப் பொருத்தி இதனை உருவாக்கியது. 1954 ஜூன் 26ஆம் நாள் அது முதன்முதலிற் பறந்தது. அதற்குப் பொருத்தப்பட்ட வைப்பர் என்னும் பொறியின் வரலாறு விந்தையானது. ஆளில்லாமற் பறந்து, சுடப்பட்டு வீழ்வதற்கென்றே செய்யப்பட்ட இலக்கு விமானமொன்றுக்காக வகுக்கப்பட்ட பொறி அது. சில மணி நேரம் உழைத்தாற் போதும், பின்னர் அழிந்துவிடலாம் என்ற எண்ணத்தில் மலிவாகச் செய்யப்பட்ட அப்பொறி, பல்லாண்டுக் காலம் மாணவர்களைச் சுமக்கும் பொறியாக வளர்ந்தது.

அக்காலம் வரை விமானப்படை மாணவர் ஒருவர் முதலில் உந்திவிசிறி விமானத்திற் பழகி, அதில் தேறிய பின்னரே தாரை விமானத்தைத் தொடலாம் என்பது நியதி. தொடக்கத்திலிருந்தே தாரை விமானத்திற் பழக்கினால் என்ன என்ற வினாவுக்கு விடை காண, 1955இல் இங்கிலாந்தின் ஹல்லாவிங்டன் தளத்தில் ஒரு பரிசோதனை நிகழ்த்தப்பட்டது. முன்னனுபவம் எதுவுமில்லாத இளைஞர்கள் நேராக ஜெற் புறொவோஸ்ற்றில் ஏற்றப்பட்டனர். அவ்வாண்டிலேயே அவர்களுள் தனித்துப் பறக்கத் தகுதி பெற்றவர் தோன்றினார். பரிசோதனை வென்றது. பின்னர் ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள், 1993 வரை, பிரித்தானிய விமானப்படையின் விமானிகள் பலர் தம் அரிச்சுவடியை இவ்விமானத்திலேயே படித்தனர்.

பயிற்சி விமானத்தின் இலக்கணம் போர்விமானத்தின் இலக்கணத்துக்கு மாறானது. போர்விமானம் விரைந்து திரும்ப வேண்டும். பயிற்சி விமானம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாணவர் தவறு செய்வார் என்பதை வடிவமைப்பாளர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறார். கரடுமுரடாகத் தரையில் இறக்கினாலும் தாங்கக்கூடிய சில்லுக் கால்கள், அவசரப்பட்டு ஒரு பிடியை மாற்றி இழுத்தாலும் உடனே வீழ்ந்துவிடாத சிறகு, இரு இருக்கைகளுக்கும் தனித்தனியே கட்டுப்பாட்டுத் தண்டு என்பன அவ்வேற்பின் வெளிப்பாடுகள். ஜெற் புறொவோஸ்ற்றில் இருக்கைகள் முன்பின்னாக அன்றி அருகருகே அமைந்தமைக்கும் காரணம் உண்டு. மாணவரின் கை எங்கே செல்கிறது, முகத்தில் என்ன தெரிகிறது என்பதை ஆசிரியர் பக்கவாட்டிற் கண்டுகொள்ளலாம். ஆசிரியரின் கை எப்படி அசைகிறது என்பதை மாணவரும் காணலாம்.

அவ்விமானத்தில் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களுள் ஒன்று வீழ்ச்சி பற்றியது. சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைக் கடந்தால், சிறகின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்று பிரிந்துவிடும். தூக்குவிசை குன்றும், விமானம் வீழத் தொடங்கும். அவ்வேளையில் மனித இயல்பு தண்டைப் பின்னுக்கு இழுத்து மூக்கை மேலே தூக்க முனைவது. அவ்வாறு செய்தால் கோணம் மேலும் மிகும், வீழ்ச்சி உறுதியாகும். செய்யவேண்டியது அதற்கு நேர்மாறானது. தண்டை முன்னுக்குத் தள்ளி, மூக்கைத் தாழ்த்தி, காற்று மீண்டும் சிறகைப் பற்றிக்கொள்ள இடமளிக்க வேண்டும். தரை நெருங்கி வருவதைக் கண்டுகொண்டே தரையை நோக்கித் தாழ்வதற்கு மாணவர் துணிய வேண்டும். இதனைப் புத்தகத்திற் படிப்பது எளிது. செய்வதற்குத்தான் பக்கத்து இருக்கை வேண்டும். உயர்தர வகுப்பில் இப்பாடத்தைப் படித்த நாளிலிருந்து அவ்விளைஞர் இதனை மறக்கவில்லை.

1951 மார்ச் 2ஆம் நாள் தோன்றிய இலங்கையின் விமானப்படை, ஜெற் புறொவோஸ்ற் விமானங்கள் பன்னிரண்டை அத்தசாப்தத்தின் இறுதியில் பெற்றுக்கொண்டது. அதுவே நாட்டின் முதலாவது தாரை விமானம். ஏற்றுமதிக்கென வகுக்கப்பட்ட அவ்வகையில் மொத்தம் இருபத்திரண்டே செய்யப்பட்டன. ஏனையவை சூடானுக்கும் குவைத்துக்கும் சென்றன. பிரித்தானியாவிற் பயன்பட்ட பயிற்சி விமானத்துக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு ஒன்று இருந்தது. இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தவும் குண்டுகளையும் எறிகணைகளையும் சிறகின் கீழ்த் தூக்கவும் இதில் வசதி செய்யப்பட்டிருந்தது. வறிய நாடொன்று பயிற்சிக்கு ஒரு விமானமும் போருக்கு வேறொரு விமானமும் வாங்க இயலாது. ஆகவே பள்ளிக்கூடமும் படைக்கலமும் ஒரே உடலில் வந்து சேர்ந்தன. சிறுவனின் கொப்பியில் ஒட்டியிருந்த படத்தில் அத்துப்பாக்கிகள் தெரியவில்லை.

அவை தெரிந்தது 1971 ஏப்ரலில். அப்போது அவர் பேராதனையில் விஞ்ஞான பீட மாணவர். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். ஏப்ரல் 5ஆம் நாள் தென்னிலங்கையிலும் மத்திய மலைநாட்டிலும் வெடித்த கிளர்ச்சியில் ஈடுபட்டோர் பெரும்பாலும் கிராமத்துச் சிங்கள இளைஞர்கள்; படித்தும் வேலையற்றிருந்தவர்கள்; பல்கலைக்கழக மாணவர்களும் அவர்களுள் இருந்தனர். வேட்டைத் துப்பாக்கியும் கையாற் செய்த குண்டுமே பெரும்பாலோரது ஆயுதம். அவர்களுக்கு எதிராக, திருகோணமலையின் சீனக்குடாத் தளத்திலிருந்த ஜெற் புறொவோஸ்ற் விமானங்கள் ஆயுதம் பூட்டப்பட்டு எழுந்தன. அவற்றைச் செலுத்தியோரும் இளைஞர்களே. மேலிருந்தவருக்கும் கீழிருந்தவருக்கும் வயதால் வேறுபாடு இல்லை. இருதிறத்தாரும் ஒரே தலைமுறையினர். ஒரே பரீட்சைகளை எழுதியவர்கள். ஒருவேளை ஒரே பாடசாலையின் வாங்குகளில் இருந்தவர்கள்.

பல்கலைக்கழகம் மீண்டும் திறந்தபோது, விடுதியில் அவரோடு ஓர் அறையைப் பகிர்ந்திருந்த சிங்கள மாணவன் திரும்பி வரவில்லை. அவன் கிளர்ச்சியில் இருந்தானா, வெறுமனே ஐயத்திற் பிடிபட்டானா, எங்கே எவ்வாறு மாண்டான் என்பன இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவனுடைய மேசையில் மூடப்படாத மைக்கூடு ஒன்று காய்ந்து கிடந்தது. அன்றிரவே கொப்பியிலிருந்த படத்தை அவர் கிழித்துவிட்டார் என்று கதைக்கு அழகாகச் சொல்லலாம். அவர் கிழிக்கவில்லை. கொப்பியை மூடி வைத்தார், அவ்வளவே. விரும்பியதொன்றை வெறுப்பதற்குக் காலம் வேண்டும்.

ஊர் திரும்பி ஆசிரியரானார். அந்நியச் செலாவணியும் உதிரிப்பாகமும் இன்றி ஜெற் புறொவோஸ்ற் விமானங்களின் காலம் நாளடைவில் முடிவுற்றது. ஆயினும் பயிற்சி விமானத்தைப் போருக்கு அனுப்பும் வழக்கம் முடிவுறவில்லை. 1983இற்குப் பின்னர் வடக்கிற் போர் மூண்டது. 1985ஆம் ஆண்டளவில் சியாய் மார்க்கெற்றி எனும் இத்தாலியப் பயிற்சி விமானங்கள் வாங்கப்பட்டன. ஸ்ரெலியோ ஃப்ராற்றி என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் வரைந்த அவ்விமானம் 1964இல் முதன்முதலிற் பறந்தது. விளையாட்டுக்காகப் பறப்போரும் விரும்பிய அழகிய விமானம் அது. அதிலும் முன்னிருக்கைகள் இரண்டு அருகருகேதான். தாரை விமானமன்று, சுழலிப் பொறியால் இயங்கும் உந்திவிசிறி உடையது. அதன் சிறகின் கீழும் குண்டுகள் தொங்கின. 1987 மே மாதம் வடமராட்சியிற் படையெடுப்பு நிகழ்ந்தபோது அவ்விமானத்தின் பெயர் வீடுதோறும் அறியப்பட்டுவிட்டது. இத்தாலியப் பெயர் தமிழர் நாவிற் புகுந்து "சியாமாச்செட்டி" ஆயிற்று. ஊருக்குப் புதிதாக வந்த வணிகரின் பெயர்போல அது ஒலித்தது. வேவு பார்க்கும் சிறு விமானத்துக்குக் "கோள்மூட்டி" என்றும், உருண்டு செல்லும் பெரிய சுமைவிமானத்துக்குச் "சகடை" என்றும் பெயர் வழங்கிய மக்கள், தாம் அஞ்சியதற்கெல்லாம் தம் மொழியிற் பெயரிட்டே அதனோடு வாழ்ந்தனர்.

அக்காலத்தில் அவ்வாசிரியரின் வகுப்பில் ஒலி பற்றிய பாடம் வந்தது. பாடநூலிற் கொடுக்கப்பட்டிருந்த உதாரணம் இடியும் மின்னலும். மாணவர்களோ வேறோர் உதாரணத்தைக் கேட்டனர். அவர் சிறிது தயங்கி, வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார். ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். விமானம் 3 கிலோமீற்றர் தொலைவில் இருக்கையில் எழுப்பும் ஓசை, எம்மை வந்தடைய 9 செக்கன் செல்லும். அவ்விமானம் மணிக்கு 400 கிலோமீற்றர் கதியில் எம்மை நோக்கி நேரே வருவதாயின், அதே தொலைவைக் கடக்க அதற்கு 27 செக்கன் வேண்டும். இருபத்தேழிலிருந்து ஒன்பதைக் கழித்தால் எஞ்சுவது பதினெட்டு.

பதினெட்டுச் செக்கன். வகுப்பறையின் கடைசி வாங்கிலிருந்து முற்றத்தின் பதுங்குகுழி வரை ஓடிப் பார்த்தார்கள். பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை பரப்பி, "எல்" வடிவில் வெட்டப்பட்ட குழி அது. மிகச் சிறிய பிள்ளைக்கும் பதினான்கு செக்கனே சென்றது. வகுப்பு ஆரவாரித்தது. பௌதிகவியலில் அத்தனை மகிழ்ச்சியோடு விளங்கிக்கொள்ளப்பட்ட கணக்கு அவரது பணிக்காலத்தில் வேறொன்றில்லை. அன்றிலிருந்து ஓசை கேட்டவுடன் பிள்ளைகள் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஓடினர். எண்ணுவதிலும் இனங்காண்பதிலும் முதல்வனாக ஒரு மாணவன் இருந்தான். யன்னலோரம் இருப்பவன், யாருக்கும் கேட்பதற்கு முன்னரே அவனுக்குக் கேட்கும். அவன் கையை உயர்த்தினால் ஆசிரியரும் வெண்கட்டியை வைத்துவிடுவார்.

ஒரு சிறுபோக அறுவடைக்கு முன்பாக அம்மாணவன் இறந்தான். ஆசிரியரின் வயலுக்கு அடுத்த வயலில், கதிருக்கு வரும் குருவிகளை விரட்டிக்கொண்டு நின்றபோது நிகழ்ந்தது. வந்தது எவ்விமானம் என்பதை அவர் எவருக்கும் சொல்வதில்லை. அவன் ஓசையைக் கேட்டிருப்பான், எண்ணவும் தொடங்கியிருப்பான். ஆனால் சுற்றிலும் நெல், நிலம் தட்டையானது, ஓடிச் சேர்வதற்கு இடமில்லை. பின்னாளில் அவர் அதனை ஓர் ஆசிரியருக்குரிய முறையிலேயே விளக்குவார்: "கணக்கிற் பிழையில்லை. பக்கத்திலே குழி உண்டு என்று நான் எடுத்த எடுகோள்தான் பிழை." அதற்குப் பின்னர் கரும்பலகையில் அக்கணக்கை அவர் எழுதியதில்லை.

எழுதினாலும் அது பயன்பட்டிராது. 1990களில் வானம் விரைவு கூடியது. 1991இல் சீனத்திலிருந்து தாரை விமானங்கள் வந்தன. 1993இல் ஆர்ஜெந்தீனாவின் புக்காரா வந்தது. 1996இல் இஸ்ரேலின் கிபிர் வந்தது. மணிக்கு 900 கிலோமீற்றர் கதியில் வருவதாகக் கொண்டால், 3 கிலோமீற்றரைக் கடக்க அதற்கு 12 செக்கன் போதும். பன்னிரண்டிலிருந்து ஒன்பது போக எஞ்சுவது மூன்று. மூன்று செக்கனில் ஒரு பிள்ளை வாங்கைவிட்டு எழலாம். அதற்குமேல் எதுவும் செய்ய இயலாது. அவ்வாண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி வீழ்ந்தபோது, ஊர் முழுவதும் ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் பெயர்ந்தது. மரநிழலிற் பாடசாலை நடந்தது. பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்ட ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். அவ்விடப்பெயர்விற் கணக்குக் கொப்பி எங்கோ தவறிற்று. அதைத் தேடுவதற்கு எவருக்கும் நேரமிருக்கவில்லை.

பயிற்சி விமானம் ஒரு தரப்புக்கு மாத்திரம் உரிய ஆயுதமாக நிலைக்கவில்லை என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். 2007 மார்ச் 26ஆம் நாள் அதிகாலையில் வன்னியிலிருந்து எழுந்து கட்டுநாயக்காத் தளத்தைத் தாக்கிய விடுதலைப் புலிகளின் விமானங்கள், செக் நாட்டிற் செய்யப்பட்ட ஸ்லின் 143 என்னும் நான்கிருக்கைச் சிறு விமானங்கள். பறக்கப் பழகுவோருக்கும் உல்லாசமாகப் பறப்போருக்கும் உரியவை. அவற்றிலும் குண்டுகள் பொருத்தப்பட்டன. 2009 பெப்ரவரி 20ஆம் நாள் இரவு அவற்றுள் இறுதி இரண்டும் வீழ்த்தப்பட்டன. ஒன்று கொழும்பின் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. அதற்கு முன், 2007 ஒக்டோபர் 22ஆம் நாள் அநுராதபுரத் தளம் தாக்கப்பட்டபோது அழிந்த விமானங்களுள், சீனமும் பாகிஸ்தானும் இணைந்து உருவாக்கிய கே-8 என்னும் தாரைப் பயிற்சி விமானமும் ஒன்று. கற்பதற்கென்று செய்யப்பட்டவை இவ்வாறு இருபுறத்திலும் எரிந்தன. இவ்விமானங்களிற் பறந்தோருள் எத்தனை பேர் பறக்கும் ஆசையினால் மாத்திரம் அங்கு வந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்ப்பார் எவருமிலர்.

2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி மீண்டும் கைமாறியது. ஆசிரியரின் குடும்பம் கிழக்கே ஓடி, முகாமில் தறப்பாளின் கீழ் வாழ்ந்து, பின்னர் ஊர் திரும்பியது. வீட்டின் கூரை இல்லை. வயல் இருந்தது, அதிற் பற்றை வளர்ந்திருந்தது. அவரோடு திரும்பியோருள் அவருடைய மகனின் மகளும் ஒருத்தி. அவளுக்கு அப்போது ஐந்து வயது. பதுங்குகுழியைப் பற்றி அவளுக்கு எஞ்சியிருக்கும் நினைவு, அது குளிர்ச்சியாக இருந்தது என்பது மாத்திரமே.

அப்பேர்த்தி உயர்தரத்திற் கணிதப் பிரிவிற் தேறிய பின்னர் ஒருநாள் அவரிடம் வந்து, தான் பயணிகள் விமானம் செலுத்தக் கற்க விரும்புவதாகச் சொன்னாள். இரத்மலானையில் அதற்கான பள்ளிகள் உள்ளன. செலவு பெரிது. தந்தை தரக்கூடியது போதாது. வயலில் ஒரு பகுதியை ஈடு வைத்தாலன்றி அது நடவாது. வயல் அப்பப்பாவின் பெயரில் இருந்தது. அவர் மறுக்கவில்லை, சம்மதிக்கவுமில்லை. காலபோக விதைப்பு முடியட்டும் என்றார். விதைப்பு முடிந்தது. அறுவடை முடியட்டும் என்றார். வீட்டில் எவரும் அவரை வற்புறுத்தவில்லை. அவ்வயலுக்கு அடுத்த வயலில் நிகழ்ந்ததை அனைவரும் அறிவர்.

2025 மார்ச் 21ஆம் நாள், இலங்கை விமானப்படையின் கே-8 பயிற்சி விமானம் ஒன்று வாரியப்பொல பகுதியில் வீழ்ந்தது என்ற செய்தி வந்தது. பேர்த்தி அதனை அவருக்குச் சொல்ல அஞ்சினாள். ஈராண்டுக்கு முன்னர், 2023 ஆகஸ்ட் 7ஆம் நாள், சீனக்குடாவில் வேறொரு பயிற்சி விமானம் வீழ்ந்து இருவர் மாண்டிருந்தனர். இம்முறை செய்தியைக் கேட்டதும் அவரிடமிருந்து வந்த முதல் வினா, "பொடியன்கள் தப்பினாங்களோ?" என்பது. தப்பிவிட்டார்கள், இருவரும் வெளியெறியும் இருக்கைகளின் உதவியால் குடையிற் தரையிறங்கினார்கள் என்று அவள் சொன்னாள். "நல்லது" என்றார். நெடுநேரம் பேசாதிருந்தார். தாம் கேட்ட வினா அவருக்கே புதுமையாயிருந்திருக்க வேண்டும். அவ்வோசைக்கு அஞ்சி வாழ்நாளின் பாதியைக் கழித்த ஒருவர், அதனுள் இருப்பவரின் உயிரை முதலில் விசாரித்தார். மறுநாட் காலையில், இரத்மலானைக்குத் தாமும் வருவதாகச் சொன்னார்.

இரத்மலானையில், பள்ளியில் விசாரித்து முடிந்த பின் விமானப்படையின் அரும்பொருட்காட்சியகத்துக்கு அவளை அழைத்துச் சென்றார். அங்கே ஜெற் புறொவோஸ்ற் நின்றது. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் படத்திற் கண்டதைவிடச் சிறியதாக, தரைக்கு மிக அண்மையில், கொழுத்த மூக்கோடு நின்றது. சுற்றி வந்து பார்த்தார். சிறகின் அடியைக் குனிந்து பார்த்தார். பின்னர் கண்ணாடிக் கூண்டுக்கு நேரே வந்து நின்றார்.

"ஏன் அப்பப்பா இதுக்கு ரெண்டு இருக்கை பக்கத்திலே பக்கத்திலே?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்டு பிழை விடுறவருக்கு. மற்றது அதைப் பொறுக்கிறவருக்கு" என்றார். சிறிது நேரங்கழித்து, "விமானம் நின்று விழத் தொடங்கினால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

அவள் வியப்புற்றாள். அப்பப்பா அதனை அறிவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "பின்னுக்கு இழுக்கக்கூடாது. தண்டை முன்னுக்குத் தள்ள வேணும்" என்றாள்.

"தரை கிட்ட வருமே?"

"வரும்தான். ஆனாலும் தள்ளத்தான் வேணும்."

"பக்கத்திலே இருக்கிறவர் என்ன செய்வார்?"

"சும்மா இருப்பார். நான் பிழை விட்டால் மட்டும் கை வைப்பார்."

அவர் தலையசைத்தார். அதற்குமேல் அங்கு எதுவும் பேசப்படவில்லை. துப்பாக்கி பொருத்தும் இடத்தை அவளுக்கு அவர் காட்டவில்லை. அவள் தானாகவே கண்டாள். கண்டும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய வாரம் வயலின் ஒரு பகுதி ஈடு வைக்கப்பட்டது. குருவி விரட்டிய மாணவன் மாண்ட வயலை ஒட்டிய பகுதி அது. அதனைத் தேர்ந்தவர் அவரே. காரணம் சொல்லவில்லை.

ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்டதே மனிதர் பறந்த வரலாறு. அவ்வரலாற்றில் போர்விமானங்களின் பெயர்களை நூல்கள் நிரம்பப் பேசுகின்றன. அவற்றுக்கு முன்னர் அவ்விமானிகளைத் தாங்கிய பயிற்சி விமானங்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் எந்த விமானியும் முதலில் ஒருவர் பக்கத்தில் இருந்து பொறுத்துக்கொண்டதனாலேயே விமானியானார். அப்பொறுமை பின்னர் எதற்குப் பயன்படுத்தப்பட்டது என்பது விமானத்தின் குற்றமன்று என்று சொல்லித் தப்பிவிட முடியாது. துப்பாக்கிக்கு இடம்விட்டு அதனை வரைந்தவரும் மனிதரே. அதே வேளை, அவ்விருக்கைகள் இரண்டையும் கண்ட ஒரு சிறுவன் கண்ட கனவும் பொய்யன்று. ஆசிரியர் இவ்விரண்டில் ஒன்றை மற்றொன்றால் அழித்துவிடவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டே வயலின் உறுதியை எடுத்துக் கொடுத்தார்.

அண்மையில் ஒரு மாலை, அவர் வரம்பில் நின்றபோது தெற்கே ஓசை எழுந்தது. யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் சிறு பயணிகள் விமானம். பேர்த்தி இன்னும் பள்ளியில் தொடக்கப் பாடத்திலேதான் இருக்கிறாள். அது அவளாக இருக்க முடியாது என்பதை அவர் அறிவார். எனினும் கை ஒரு கணம் நின்றது; தலை சற்றே சாய்ந்தது; உதடு தன்னையறியாமல் எண்ணத் தொடங்கியது. ஓசை வளர்ந்து, தலைக்கு மேலாகக் கடந்து, மெலிந்தது. பதினெட்டுக்குப் பின்னரும் அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.